கூப்பிட்டால் திரும்பாதவர்கள்

வேப்பனப்பள்ளி
18-8-2024

ஜோதிமணி,

பேசமாட்டேன் என்றுதான் கங்கம்மா கோயில் வாசலில் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ போன் அடித்தால் எடுக்க மாட்டேன். வீணாக அடிக்காதே, கோழிகள் மிரளுகின்றன.

இதைப் பூவம்மாள் கையில் கொடுத்திருக்கிறேன். உங்கள் கம்பெனி பஸ்ஸில்தானே அவள் ஷிப்டுக்கு வருகிறாள், உன் தெருமுனையில் இறங்கிக் கொடுப்பாள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அறிவொளி வகுப்பில் லாந்தர் வெளிச்சத்தில் கற்றுக்கொண்ட எழுத்து இது.

பெற்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, மூன்று மாதம் பேத்தியை என் காலில் போட்டுக் குளிப்பாட்டினேன். கழுத்தை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருந்தாள். பால் குடிக்கும்போது அழுதாள். இடது பக்கம் நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் தூக்கினதில் சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். உனக்கும் ஒருதரம் விழுந்தது, சேலையில் போட்டு உருட்டித்தான் எடுத்தோம். அதையேதான் உரம் எடுக்கிற பேச்சியம்மாளை வைத்துச் செய்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். அது சிவந்து சீழ் கட்டிக் காய்ச்சல் வரும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா, "யார் இதை இப்படி அமுக்கினது?" என்று கேட்டாள். நீ கையை நீட்டி, "எங்கம்மாதான்" என்றாய். நர்சு பார்த்தாள். பெருக்குகிறவள் பார்த்தாள். பக்கத்துப் படுக்கைத் தெலுங்குக்காரி பார்த்தாள், அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் சேலை, பச்சைக் கரை. எனக்கு எதுவும் மறக்காது.

கிரகணத்தன்றைக்கு நைட் ஷிப்டு போகாதே என்று மசக்கையில் இருந்த உன்னிடம் தலையால் அடித்துக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது அத்தை" என்று மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்கு மறக்காது.

நீ ஆட்டோவில் ஏறினபோது பாப்பா உன் தோளில் கிடந்தாள். நான் கூப்பிட்டேன். அவள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் மகள்தானே.

குளிப்பாட்டுகிற நேரம் வந்தால் என்னையறியாமல் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறேன். காலின் மேல் வெயில்தான் விழுகிறது.

முனிலட்சுமி


ஓசூர்
25-8-2024

அம்மா,

கடிதம் வந்தது. நான் போன் அடிக்கவில்லை.

வீக்கம் வடிந்துவிட்டது, காய்ச்சல் இல்லை. ஆனால் வீங்கின இடத்துக்குக் கீழே குண்டூசி முனை அளவு ஒரு துளை இருக்கிறது. துடைத்தால் காய்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு சொட்டு நிற்கிறது. கண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது. சட்டைக் கழுத்து எப்போதும் ஈரம்.

தெலுங்குக்காரியின் சேலைக் கரை வரைக்கும் எழுதியிருக்கிறாய். பேச்சியம்மாள் உருட்டும்போது குழந்தை எப்படி அலறினாள், கடைசியில் எப்படிச் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தாள், அதை நீ எழுதவில்லை. நான் உள்ளே ஓடி வந்து பிடுங்கினேன். "அழுதாத்தான் உரம் எடுபடும், நீ வெளிய போ" என்றாய். எனக்கும் எதுவும் மறக்காது அம்மா. உன் வயிற்றில் பிறந்தவள்தானே.

அவளுக்குப் பெயர் யக்ஷிதா. பாப்பா பாப்பா என்று எழுதாதே.

இப்போதைக்கு வராதே. யாராவது அவள் கழுத்துக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனால் என்னையறியாமல் தட்டிவிடுகிறேன். அது உன் கையாக இருந்தாலும்.

ஜோதி


வேப்பனப்பள்ளி
8-9-2024

ஜோதிமணி,

'வராதே' என்று நீ எழுதின இடத்தைப் பூவம்மாளை விட்டு இன்னொருமுறை படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. வேறொருத்தி வாயில் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான். அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "விடு அத்தை, பெத்தவ பயம்" என்றாள். நானும் பெற்றவள்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வரமாட்டேன்.

துணிப்பையில் நாலு சட்டை இருக்கிறது. என் பழைய, மெல்லிசான வாயில் துணிச் சேலையில் தைத்தது. கழுத்தை நன்றாக இறக்கி வெட்டியிருக்கிறேன், காலர் வைக்கவில்லை. ஈரத் துணி அந்த இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் தோல் வெந்துபோகும். பவுடர் போடாதே, துளையை அடைக்கும். கழுத்து ஒழுகினால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. எழுதவும் வராது.

முனிலட்சுமி


ஓசூர்
6-10-2024

அம்மா,

சட்டைகள் சரியாக இருக்கின்றன. தோல் சிவப்பது நின்றுவிட்டது.

பெங்களூருவில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் காட்டினோம். கன்னடக்காரர், எனக்காகத் தமிழும் பேசினார். ஸ்கேன் எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

வயிற்றில் கரு ஒரு கடலை அளவு இருக்கும்போது கழுத்துப் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக இருக்குமாம், மீனுக்குச் செவுள் இருக்கிற இடம் மாதிரி. பிறகு எல்லா மடிப்பும் ஒட்டி மூடிவிடும். இவளுக்கு ஒன்று முழுதாக மூடவில்லை. வெளியே தெரிவது குண்டூசித் துளை. உள்ளே மெல்லிசாக ஒரு குழாய் தொண்டை வரைக்கும் போகிறது. அதில் ஊறுகிற நீர்தான் சொட்டுகிறது. அது அடைத்துக்கொண்டு வீங்கினதைத்தான் நாம் உரம் என்று நினைத்தோம். மருந்தில் போகாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் திரும்ப வரும். பழைய சீழ் முழுக்க ஆறி, குழந்தைக்கு எடை கூடின பிறகு செய்வாராம்.

கிரகணத்தைப் பற்றியும் கேட்டேன், உனக்காகத்தான். அவர் சிரிக்கவில்லை. கிரகணம் அக்டோபர் கடைசியில் வந்தது. அந்த மடிப்பு மூட வேண்டிய காலம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று விரல்விட்டுக் காட்டினார். மாப்பிள்ளை சிரித்ததை இனி நீ மறக்கலாம்.

உருட்டினதைப் பற்றியும் கேட்டேன். அது தப்பு என்றுதான் சொன்னார். ஆனால் துளை அதனால் வந்ததில்லை, இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் சீழ் பிடித்திருக்கும் என்றார். இரண்டாவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அவர் என் முகத்தைத் திருப்பி என் காதைப் பார்த்தார். காதுக்கு முன்னால் எனக்கு ஒரு சின்னக் குழி இருக்கிறதல்லவா, அதைத் தொட்டு, "உங்க வீட்ல வேற யாருக்காவது இது இருக்கா? யாருக்காவது கழுத்து ஒழுகுமா?" என்றார். ரத்தத்தில் வருகிறது என்றால் இன்னும் சில இடங்களைச் சோதித்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டுமாம்.

கேட்காதே என்று எழுதினாய். கேட்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்?

ஜோதி


வேப்பனப்பள்ளி
20-10-2024

ஜோதிமணி,

உன் கடிதம் வந்து நாளாகிறது. அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டது.

எனக்கும் காதோரம் அந்தக் குழி இருக்கிறது. அதிர்ஷ்டக் குழி என்று என் அம்மா சொன்னாள். கழுத்து ஒழுகினது உன் மாமன் ரத்தினவேலுக்கு.

அவன் துண்டைச் சுற்றாமல் தெருவில் இறங்கி நீ பார்த்திருக்க மாட்டாய். சித்திரை வெயிலிலும் கழுத்தில் துண்டு இருக்கும். அவன் சட்டைகளுக்கெல்லாம் காலரைப் பிரித்துத் தைத்தது நான்தான், கல்யாணம் ஆகி வரும் வரைக்கும். குருபரப்பள்ளியில் பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்தார்கள். துண்டு நழுவினதை யாரோ பார்த்துவிட்டார்கள். அதோடு சரி. அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொல். இதற்கு மேல் அவனிடம் போய்க் கேட்கச் சொன்னால் மாட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா சென்னப்பன் காரியம் முடிந்த மறுநாள். நீ ஒன்பதாவது படித்தாய், ஊதாக் கலர் பாவாடை கட்டியிருந்தாய். ரெண்டு நாள் உன் வீட்டில் வந்து இருக்கிறேன் அண்ணா, இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லத்தான் அவன் பின்னாலேயே போனேன். அவன் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தான். தாலி அறுத்தவள், தெருவென்றும் பார்க்காமல் கத்திக் கூப்பிட்டேன். "அண்ணா, அண்ணா" என்று. கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. ஏறி உட்கார்ந்து போய்விட்டான்.

அன்றையிலிருந்து அவன் எனக்கு இல்லை. சம்பந்தியம்மா வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். நான் எழுந்து போய் வேறு பந்தியில் சாப்பிட்டேன்.

ஆக என் ரத்தத்தில்தான் வந்திருக்கிறது. இதைப் படித்ததும் மாப்பிள்ளை சிரித்தாரா என்று எழுது.

பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டதா?

முனிலட்சுமி


ஓசூர்
24-11-2024

அம்மா,

அவர் சிரிக்கவில்லை. "அத்தைக்கு ஒரு வார்த்தை ஆறுதலா எழுது" என்றார். எனக்கு அப்படி எழுத வராது. நீ எனக்கு அப்படி எழுதினதே இல்லை.

கீழே ரெண்டு பல் வந்திருக்கிறது. என் தோளைக் கடிக்கிறாள்.

மாமாவைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் இரண்டு சோதனை எழுதினார். இந்தக் குறை குடும்பத்தில் வந்தால் சிலருக்குச் சிறுநீரகமும் காதும் பாதிக்குமாம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. காதுக்கு, தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். வலது காது கேட்கிறது. இடது காது கேட்கவில்லை. பெரிய சத்தத்துக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளை உட்கார வைத்து, இடது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். பொம்மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலது பக்கம் போய்க் கூப்பிட்டேன். திரும்பிச் சிரித்தாள். மறுபடி இடது பக்கம் வந்தேன். அப்படியே மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து என்னை உட்கார வைத்தார்.

"உங்க மாமாவுக்குக் காது எப்படி?" என்று டாக்டர் கேட்டார். நன்றாகக் கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. மேலே நான் எதுவும் எழுதவில்லை அம்மா. நீதான் எதையும் மறக்காதவளாயிற்றே. நன்றாக ஞாபகப்படுத்திப் பார்.

இவளைக் குளிப்பாட்ட எனக்கு வரவில்லை. பிளாஸ்டிக் டப்பில் வைத்தால் வழுக்குகிறாள். உன்னைப் போலக் கால் நீட்டிப் பார்த்தேன். அவள் அழ, நானும் அழ, ரெண்டு பேரும் ஈரத்தோடு எழுந்துவிட்டோம்.

ஜோதி


வேப்பனப்பள்ளி
15-12-2024

ஜோதிமணி,

ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

அன்றைக்கு நான் மாட்டுக்கொட்டகை ஓரமாக ஓடினேன். அது அவனுக்கு இடது கைப் பக்கம், வலது பக்கம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. என் கல்யாணத்தில் மணையில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டேன், பதில் இல்லை. அதுவும் இடது பக்கம். பஸ்ஸில் எப்போதும் ஜன்னலுக்கு இடது தோளைக் கொடுத்துத்தான் உட்காருவான். சின்ன வயதில் படுக்கும்போது வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தால், அம்மா எவ்வளவு கத்தினாலும் எழுந்திருக்க மாட்டான். அழுத்தக்காரன் என்று அடிப்பாள். நானும் அப்படியே நினைத்தேன். எல்லாமே எனக்கு ஞாபகம் இருந்தது. எதற்காக வைத்திருக்கிறேன் என்றுதான் தெரியாமல் இருந்தது.

வியாழக்கிழமை உத்தனப்பள்ளிக்குப் போனேன். அவனோடு பேசுவதில்லை என்று மனதில்தான் வைத்திருந்தேன், சாமி முன்னால் சொல்லவில்லை.

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறான். ஷெட் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகளுக்கு அட்டை சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. துண்டு கழுத்தில்தான் இருந்தது. நான் சத்தமில்லாமல் போய் அவனுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணா" என்றேன். அட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். மறுபடியும், "அண்ணா" என்றேன். ரப்பர் பேண்டை எடுத்துப் போட்டான். சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஏ முனி," என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி. "எப்ப வந்த? குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்கூட போடாம."

"அந்தக் காது உனக்குக் கேக்காதா?"

பக்கத்தில் பூ அடுக்கின பெண்கள் போகட்டும் என்று காத்திருந்தான். "சின்னதுலருந்தே இல்ல," என்றான்.

"ஏன் சொல்லல?"

"கழுத்து ஒழுவுதுன்னே பொண்ணு தரமாட்டன்னுட்டாங்க. செவிடுன்னும் சேத்துச் சொன்னா வேலையும் தரமாட்டாங்க. சொல்லி என்னா ஆவப்போவுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உங்கிட்டயா," என்று சிரித்தான். "நீ சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவியே."

அவர் காரியம் முடிந்த மறுநாள் பஸ்ஸுக்குப் பின்னால் கூப்பிட்டதைச் சொன்னேன். அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அவனுக்குத் தெரியவே தெரியாது. "நீதான் எங்கூட பேசறத விட்டுட்ட. நான் செஞ்ச சீர் பத்தலைன்னு நெனச்சேன்," என்றான். இத்தனை வருஷமும் என் கோபத்தை நான் ஒருத்தியாகவே வளர்த்திருக்கிறேன். அதன் காரணம்கூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

தப்பு என்மேல் என்று நான் எழுதமாட்டேன். அவன் சொல்லியிருக்க வேண்டும்.

பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். துண்டை அவிழ்த்து, கழுத்தை வெளிச்சத்துக்குக் காட்டினான். அதே இடம். இந்த வயதிலும் ஒரு சொட்டு நின்றது. "எனக்கு யாரும் பாக்கல. அதுக்காவது பாக்கறாங்களே. டாக்டர் கேட்டா நான் வந்து காட்றன்," என்றான்.

அவன் வருவான். நான் வருவதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

முனிலட்சுமி


பெங்களூரு
16-2-2025

அம்மா,

இதை வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் ஓசூர் போய்ப் பூவம்மாளிடம் கொடுப்பார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விடிந்ததிலிருந்து பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். என் சேலையைப் பிடித்து இழுத்து அழுதவளை அப்படியே நர்சு கையில் கொடுத்தேன். துளை வழியாக நீல மருந்து ஏற்றி, அந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துத் தொண்டை வரைக்கும் தொடர்ந்து போய், முழுசாக எடுத்திருக்கிறார்கள். ஒரே நீளமாகக் கிழிக்கவில்லை. படி மாதிரி கீழே ஒன்று, மேலே ஒன்று, ரெண்டு சின்ன வெட்டு. கழுத்து மடிப்பிலேயே இருப்பதால் வளர வளரத் தழும்பு தெரியாது என்றார். எடுத்ததைக் காட்டினார். ஒரு சேமியா இழை அளவுதான் இருந்தது. இதற்காகத்தான் மாமாவுக்கு ஒரு வாழ்க்கையே போயிருக்கிறது.

மாமா உள்ளே வந்தார். டாக்டர் அவர் கழுத்தையும் பார்த்தார், காதுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'நீயும் வா' என்று பொங்கலுக்கு எழுதின கடிதத்திலேயே சொல்லியிருந்தேனே. அம்மா எங்கே மாமா என்று கேட்டேன்.

"கீழ மரத்தடியில குந்தினு இருக்கா. உன்னப் பாத்தா பேசிருவாளாம், சத்தியம் போயிருமாம். கொழந்தைய வெளிய கொண்டாந்தாங்களான்னு மட்டும் கேட்டு வரச் சொன்னா," என்றார்.

ஜன்னலுக்கு ஓடினேன். மூன்றாவது மாடி. நீ சிமெண்டு மேடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய், மடியில் துணிப்பை. அம்மா என்று கத்தினேன். வார்டே என்னைப் பார்த்தது. நீ திரும்பவில்லை.

கீழே அத்தனை வண்டி ஓடுகிறது, கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நிமிஷம் உன்மேல் ஆத்திரமாக வந்தது. நான் இறங்கி வருவதற்குள் நீங்கள் ரெண்டு பேரும் போய்விட்டீர்கள். மேடையில் துணிப்பை மட்டும் இருந்தது. உள்ளே இன்னும் நாலு சட்டை. இந்தத் தடவை முன்பக்கம் திறக்கிற மாதிரி, தலைவழி மாட்டாமல் போடுகிற மாதிரி தைத்திருக்கிறாய். கட்டின் மேல் படவில்லை.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நான் கையை நீட்டிக் காட்டினது, நீ செய்ததைவிட அதிகமாக உனக்கு வலித்திருக்கும். அதை நான் மாற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். அதன் பிறகு அவளைக் குளிப்பாட்டலாமாம்.

நீ வந்து குளிப்பாட்டு.

ஜோதி


வேப்பனப்பள்ளி
23-2-2025

ஜோதிமணி,

நாளைக் காலைக் கம்பெனி பஸ்ஸில் பூவம்மாளோடு வருகிறேன். டிரைவரிடம் அவள் சொல்லி வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் இன்றைக்கு ஷிப்டுக்கு வருகிற வேறொருத்தி கையில் வந்துவிடும்.

தண்ணீரை நீ காய்ச்சாதே, நான் வந்து பதம் பார்க்கிறேன். உங்கள் வீட்டுப் பாத்ரூமில் கால் நீட்ட இடம் போதுமா என்று தெரியவில்லை. போதாவிட்டால் அந்த வாஷிங் மெஷினை வெளியே எடுக்கச் சொல் மாப்பிள்ளையை. கழுத்தை நான் தொடமாட்டேன். அங்கே நீ ஊற்று. மற்றதெல்லாம் நான்.

சத்தியம் சத்தியம்தான். உன்னிடம் பேசமாட்டேன். எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவளிடம் சொல்லுவேன். நீ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்.

ஒரு வாரமாகக் கோழிகளை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது நாக்கு திரும்புகிறது. வாசலில் வந்ததும் அவளுடைய வலது பக்கமாக நின்று மெதுவாகக் கூப்பிடுவேன்.

யக்ஷிதா என்று.

அம்மா